இல்லை என்று சொல்லாத போன்

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் ‘அரிசி இல்லை’ என்று யாரும் சொல்ல மாட்டோம். ‘அரிசி வாங்கணும்’ என்போம். என் வீட்டுக்காரர் முத்துக்குமரன் வெளியே போயிருக்கும்போது யாராவது வாசலில் வந்து நின்று கேட்டால் ‘அவுக இல்ல’ என்று என் வாயில் வராது. ‘இந்தா வந்துருவாக, உக்காருங்க’ என்றுதான் வரும். வியாபாரம் நடக்கிற வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால் இருப்பதும் போய்விடும் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். சுருளிப்பட்டியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இப்படித்தான். அந்த ஒரு வார்த்தையை நான் விழுங்கியதால் என் அண்ணனுக்கு என்ன நேர்ந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆற மாட்டேன் என்கிறது.

அண்ணன் பெயர் மலைச்சாமி. மயிலாடும்பாறையில் விவசாயம். அப்பாவும் அம்மாவும் போனபிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர் ஒருவர்தான். என் மகள் மாரீஸ்வரியின் கல்யாணத்தைக் கம்பத்தில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணவறைக்கு அழைத்து வர வேண்டும். ஆளைக் காணோம். செல்போன் அணைந்து கிடக்கிறது. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் தூரத்துச் சொந்தத்தில் எனக்கு அண்ணன் முறையாகிற ஒருவரை மாலை போடச் சொல்லி முடித்தோம். தாலி கட்டி, கூட்டம் பந்திக்கு எழுந்த நேரத்தில் அண்ணன் வருகிறார். கையில் சீர்த்தட்டு, வாடின மாலை. வேட்டியில் முழங்கால் வரை சேறு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏன் எதற்கு என்று கேட்டேனா? இல்லை. அத்தனை பேருக்கு நடுவில் வாயை விட்டேன். “மாமன் மொற செய்ய வந்த லட்சணமா இது? ஒரு நாளாவது நேரத்துக்கு வரத் தெரியாதா ஒனக்கு?” என்றேன். அண்ணன் தட்டை மண்டபத்துப் படியில் வைத்தார். “இனிமே ஒங்கிட்ட ஒரு வார்த்த பேசுனேன்னா வீரபாண்டி ஆத்தா என்னையக் கேக்கட்டும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வீரபாண்டி கௌமாரியம்மன் எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான சாமி. அவள் பேரில் வைத்த சத்தியத்தைச் சும்மா தாண்ட முடியாது. ஏன் நேரமானது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த சித்திரைத் திருவிழா. சின்ன வயதிலிருந்து சேர்ந்தே அக்கினிச்சட்டி பார்க்கப் போனவர்கள் நாங்கள். அந்த வருடம் நான் போகவில்லை. முன் அறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மூன்று மணி. மூன்றாவது மணியோடு, நான் எடுக்கப் போவதற்குள் நின்றுவிட்டது. நம்பர் காட்டுகிற போன்தான். பார்த்தால் அண்ணன் நம்பர்! நானும் அவர் நம்பருக்கு அடித்து, மூன்று மணி விட்டு வைத்தேன். பேசினால்தானே சத்தியம் முறியும்? மணி அடித்தால் எந்தச் சாமி கேட்கப் போகிறது?

அன்றிலிருந்து அதுதான் எங்கள் பேச்சு. மழை பெய்தால் மூன்று மணி. பொங்கலுக்கு மூன்று மணி. சும்மா இருந்தாலும் மூன்று மணி. எப்போதும் அண்ணன்தான் முதலில் விடுவார், நான் திருப்பி விடுவேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். “அண்ணனும் தங்கச்சியும் காசில்லாமலே ஒறவு வளக்குறீக” என்பார். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

எனக்குத் தொழில் திராட்சைத் தரகு. கொடி போட்டிருக்கிற சம்சாரிகளுக்கும் கேரளாவிலிருந்து லாரி அனுப்புகிற வியாபாரிகளுக்கும் நடுவில் நான். முன் அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு போன். அதுதான் ஆபீஸ். செல்போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வீட்டுக்குள் டவர் எடுக்காது. மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றால் எடுக்கும். விலை பேசும்போது நடுவில் ‘ஹலோ, ஹலோ’ என்று நான் கத்திக்கொண்டிருந்தால் எதிராளி அந்த இடைவெளியில் விலையை இறக்கிவிடுவான். அதனால் வியாபாரம் எல்லாம் வீட்டு போனில்தான்.

வெட்டுக் காலத்தில் அந்த ஒரு போன் போதவில்லை. தெற்குத் தெரு சங்கிலியம்மாள் ஒருநாள் வீட்டுக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஏ ராஜாத்தி, ஒனக்கு எத்தன வாட்டிடி அடிக்கிறது? எப்ப அடிச்சாலும் கொய்ங் கொய்ங்குங்குது. நீ பேசி முடிக்கிற வரைக்கும் பழம் கொடியிலயே தொங்குமா? வேற ஆளுக்குக் குடுத்துட்டேன் போ.” சொல்லிவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. இரண்டு லைன் வாங்கியே தீர்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

தேனியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. நானும் என் வீட்டுக்காரரும் போனோம். விற்கிறவன் பெயர் விஜய்ராஜ். நல்ல பிள்ளை, பொறுமைசாலி. இல்லாவிட்டால் என்னிடம் பாதியிலேயே கும்பிடு போட்டிருப்பான். மேசை மேல் வரிசையாக எடுத்து வைத்தான். கம்பியில்லாத போன்கள். ஒரு தாய்ப்பெட்டி, அதற்கு இரண்டு கைபோன், இன்னொன்றுக்கு மூன்று, இன்னொன்றுக்கு நான்கு.

“இது ஒரு லைனுதான்க்கா. போன் நாலு இருந்தாலும் ஒரு ஆள்தான் பேச முடியும்” என்றான் ஒன்றைக் காட்டி.

“அப்ப அது எதுக்கு? நாலு ரூம்லயும் வச்சுக் கும்புடவா?”

“இந்தா, இது ரெண்டு லைன். ஒங்க பழைய நம்பர் ஒண்ணு, ஆபீசுக்குப் புது நம்பர் ஒண்ணு. ஒண்ணுல பேசிட்டிருக்கப்ப இன்னொண்ணு வந்தா இங்கன செவப்பு லைட்டு மின்னும். விருப்பம்னா இவுகள நிறுத்தி வச்சுட்டு அவுககூடப் பேசலாம்.”

“கரண்டு போனா?”

“தாய்ப்பெட்டிக்கு இன்வெர்ட்டர்ல ஒரு ஒயர் இழுத்துக்கங்க.”

என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “ரெண்டு பேரு இருக்க வீட்டுல மூணு போனா?” என்றார்.

“ஆமா. ஒண்ணு ஒங்களுக்கு, ரெண்டு எனக்கு” என்றேன். அதோடு அவர் கடை வாசலுக்குப் போய் டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

சமையலறையில் ஒன்று, ஆபீஸ் அறையில் ஒன்று, படுக்கிற அறையில் ஒன்று. பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும், மாவுக் கையோடு அமுக்க வேண்டியிருக்கும். எல்லாம் பார்த்துத்தான் எடுத்தேன். கடைசியில் விஜய்ராஜ் சொன்னான், அதில் பதில் மிஷினும் இருக்கிறதாம். நாம் எடுக்காவிட்டால் மிஷின் எடுக்கும், நம் குரலில் பேசும், அவர்கள் சொல்வதைப் பிடித்து வைக்கும். அடேயப்பா, இதுவல்லவா எனக்கு வேண்டும் என்று குதித்தேன். அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான், நான் டக் டக்கென்று பதில் சொன்னேன். அந்தக் கடையில் நான் சொன்ன பதில் ஒவ்வொன்றும் எனக்கு இப்போது அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

“மிஷின் ஆபீஸ் லைனுக்கு மட்டுமா, ரெண்டுக்குமா?”

“ரெண்டுக்கும். பழைய நம்பர்தான ஊரு பூராவும் வச்சிருக்கு.”

“எத்தன மணி அடிச்சதும் எடுக்கணும்?”

“அடிச்சதும் எடுக்கணும். காக்க வச்சா வேற தரகர்கிட்டப் போயிருவாக.”

“ரெண்டு மணியாவது வேணும்க்கா. அதுக்குக் கொறைய வைக்க முடியாது.”

“அப்ப ரெண்டு.”

“அவுக எம்புட்டு நேரம் பேசலாம்? ஒரு நிமிசம் வைக்கலாம், மூணு நிமிசம் வைக்கலாம், நிறுத்தாமயும் விடலாம்.”

“ஒரு நிமிசம் போதும். விட்டா ஊர்க்கதை பூராவும் அளப்பாக. உக்காந்து யாரு கேக்குறது?”

மூன்றாவது மணி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. சங்கிலியம்மாளின் பழம் மட்டும்தான் கண்ணில் நின்றது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டு, “இப்ப ஒங்க குரல்ல பதிவு பண்ணுங்கக்கா” என்றான் விஜய்ராஜ். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். “‘நாங்க இப்ப வீட்ல இல்ல, பீப் சத்தம் கேட்டதும் ஒங்க விசயத்தச் சொல்லுங்க’ன்னு சொல்லுங்க. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக.”

எனக்குச் சுருக்கென்றது. “வியாபாரம் பண்ற எடத்துல ‘இல்ல’ன்னு நானே என் வாயால சொல்லி வைக்கவா? நல்லாச் சொன்ன போ. வீட்ல ஆளில்லன்னு திருடனுக்கும் சேத்துச் சொன்ன மாதிரி இருக்கும்.”

“அப்ப ‘இது மிஷின்’னாச்சும் சொல்லுங்கக்கா.”

“மிஷின்னு தெரிஞ்சா எவன் பேசுவான்? நீ பொத்தானை அமுக்கு.”

அமுக்கினான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினேன். “வணக்கம், ராஜாத்தி பேசுறேன். ம்... சொல்லுங்க. சுருக்கமாச் சொல்லுங்க.” பிறகு ஒரு சின்ன பீப். போட்டுக் கேட்டோம். நான் பக்கத்து அறையில் நின்று பேசுகிற மாதிரியே இருந்தது. எனக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமே! பாதிப் பேர் மிஷின் என்றே தெரியாமல் என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். “என்னக்கா, சொல்லச் சொல்லிட்டு உம்முன்னு இருக்கீக?” என்று ஒருவர். குமுளியில் பழக்கடை வைத்திருக்கும் பிரின்ஸ் என்னிடம் எப்போதும் வாங்குகிறவன். அவன் குரலில் ஒருநாள், “சேச்சி, எந்தா மிண்டாத்தது? கோபமா? விலை குறைச்சுக் கேட்டது தப்புதான், விடுங்க” என்று பதிவாகியிருந்தது. நான் பேசாமல் இருந்ததற்குப் பயந்து விலையை ஏற்றிக் கொடுத்துவிட்டான். அதைப் போட்டுப் போட்டு என் வீட்டுக்காரருக்குக் காட்டிச் சிரித்தேன். இந்த மிஷின் என்னைவிட நன்றாக வியாபாரம் பண்ணுகிறது என்று தெரு முழுவதும் சொன்னேன்.

நடுவில் ஒன்றிரண்டு வெறும் பதிவு வரும். பீப் சத்தத்துக்குப் பிறகு யாரோ ஒரு மூச்சு விட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். “பேசத் துப்பில்லாதவனுக்குப் போன் எதுக்கு?” என்று திட்டிக்கொண்டே அழிப்பேன். நம்பரைக்கூடப் பார்க்க மாட்டேன்.

சித்திரைத் திருவிழா வந்தது. அன்று முழுக்க நான் மூன்று மணிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மழை பெய்தது. வரவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பெரிய மனுசன். மணி விடுறதுக்கும் இப்ப மனசு வரல போல” என்றேன். “நீதான் ஒருக்கா விட்டுப் பாரேன்” என்றார் என் வீட்டுக்காரர். “எப்பவும் அண்ணன்தான மொதல்ல விடும்? நான் எதுக்கு விடணும்?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வீட்டில் மூன்றாவது மணி அடிக்கவே வழியில்லாமல் நானே அடைத்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவில்லை. இரண்டாவது மணியில் மிஷின் எடுத்துவிடும், நானும் ஏதோ வியாபார போன் என்று திரும்பிப் பார்க்க மாட்டேன். அண்ணன் மணி விட்டுத்தான் இருக்கிறார். மணிக்குப் பதிலாக என் குரல் கேட்டிருக்கிறது. நான் திட்டி அழித்த அந்த வெறும் மூச்செல்லாம் அவருடையது.

ஆவணி வெட்டின்போது மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. பழுத்து நிற்கிற கொடியில் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். ஊரே பரபரத்தது. காலையில் நான் சமையலறையில் நின்று ஆபீஸ் லைனில் பிரின்ஸோடு லாரிக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்கே இரண்டு லாரி வேண்டும் என்று நான், நாளைக்குத்தான் என்று அவன். கையில் இருந்த போனில் சிவப்பு விளக்கு மின்னியது. பழைய நம்பரில் யாரோ. பார்த்தேன். ‘மிஷின் பாத்துக்கிரும்’ என்று நினைத்தேன். விளக்கு மின்னுவது நின்று நிலையாக எரிந்தது. மிஷின் எடுத்துவிட்டது என்று அர்த்தம். நான் பிரின்ஸைத் திட்டிக்கொண்டே சட்னி தாளித்தேன். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்துபோனது.

அன்றும் அடுத்த நாளும் தோட்டத்திலேயே கிடந்தோம். வெட்டி, பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றுவதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. மிஷினில் பதிவுகள் சேர்ந்து கிடந்தன. அவசரமென்றால் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். மழை வந்து ஓய்ந்த பிறகு, ஒரு சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். சங்கிலியம்மாள், உரக்கடைக்காரர், இன்னும் யார் யாரோ. அடுத்ததாக ஒரு குரல். கரகரவென்று, சிரமப்பட்டு வந்தது. ஆனால் எத்தனை வருடம் ஆனாலும் அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?

“ஆத்தா... ராஜாத்தி. அண்ணன்தான் பேசுறேன்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“நீயே போன எடுத்து வணக்கம்னு சொல்லிட்ட. நாந்தான் கிறுக்கன், நாலஞ்சு வாட்டி பயந்துபோயி வச்சுட்டேன். நீயே எறங்கி வந்ததுக்கப்பறம் எனக்கென்னத்தா வீம்பு.” மறுபடி நிறுத்தினார். “கேக்குறியா?”

சத்தமில்லை. காக்கை கத்துவது கேட்டது.

“வீரபாண்டிக்குப் போயி, சத்தியத்தத் தீத்து விடுன்னு ஆத்தா கால்ல விழுந்து கும்புட்டுட்டு வந்துதான் பேசுறேன். நாளைக்கு மருதயில தொண்டையில ஆப்ரேசன். கட்டி. கொரல்வளையவே எடுக்கணும்னுட்டாக. அதுக்கப்பறம் பேச்சு வராதாம். போறதுக்குள்ள ஒங்கிட்ட ஒருக்காப் பேசிறணும்னு...”

நிறுத்தினார்.

“என்னத்தா, பேச மாட்டியா?”

இந்தத் தடவை ரொம்ப நேரம் காத்திருந்தார்.

“சரி. பேசாட்டியும் போகுது. கேட்டுக்க. அன்னிக்கு மண்டபத்துக்கு நான் ஏன் நேரங்கழிச்சு வந்தேன்னா...”

பீப். அவ்வளவுதான். அடுத்த பதிவு ஓட ஆரம்பித்தது. யாரோ பெட்டி கேட்டார்கள். நான் திரும்பத் திரும்ப அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றது. என் பதிலுக்காக அவர் காத்திருந்த நேரமெல்லாம் அந்த ஒரு நிமிடத்திலேயே போயிருக்கிறது. காக்காமல் பேசியிருந்தால் சொல்லி முடித்திருப்பார். “அய்யோ, என்னையப் பெத்த அண்ணே” என்று நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவரே என் அண்ணன் நம்பருக்கு அடித்தார். அண்ணன் மனைவி சந்தனம்மாள் எடுத்தாள். “ஆப்ரேசன் முடிஞ்சிருச்சு” என்று மட்டும் சொல்லி, ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் என் வீட்டுக்காரர் லாரிக் கணக்கை முடிக்க நிற்க வேண்டியிருந்ததால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். நான் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சந்தனம்மாள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா ராஜாத்தி?” என்றாள். “மனுசன் குளிச்சு முழுகி, திருநூறு பூசிக்கிட்டு, வேப்ப மரத்தடியில நின்னு ஒங்கிட்டப் பேசுனாக. தொண்ட வலிக்க வலிக்க அரை மணி நேரம் பேசுனாக. நீ ஒரு ‘ம்’ கூடக் கொட்டலையாமே? ‘சொல்லுங்கன்னா, சொன்னேன், ஒரு வார்த்த திருப்பிப் பேசல’ன்னு சொல்லி அழுதாகடி. நீயெல்லாம் என்ன சென்மம்?”

“மதினி, அது நானில்ல. மிஷினு. மிஷினு எடுத்துருச்சு மதினி” என்றேன். அவளுக்குப் புரியவைக்க எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. புரிந்ததும் வாயில் சேலையை வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடத்தில் லைன் அறுந்தது தெரியாமல், காதில் வைத்தபடி அந்த மனுசன் மீதிக் கதை முழுவதையும் வெறும் போனில் சொல்லியிருக்கிறார்.

“ஏன் நேரமாச்சுன்னு என்ன சொன்னாக மதினி?”

“எனக்கெப்பிடித் தெரியும்? ‘இது அவகிட்டச் சொல்ல வேண்டியது’ன்னு என்னையக் கிட்டயே விடல. கல்யாணத்தன்னிக்கும் நான் காய்ச்சல்ல கெடந்தேன். அவுக மட்டுந்தான வந்தாக.”

உள்ளே போனேன். அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார். கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அதன் வழியாக ஸ்ஸ் ஸ்ஸ் என்று போய் வந்தது. என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். கடை, இரண்டு மணி, ஒரு நிமிடம், ‘இல்லை’ என்று சொல்ல மாட்டேன் என்று நான் அடித்த வாய், சிவப்பு விளக்கு, எல்லாவற்றையும். அவர் கண் மூடாமல் கேட்டார்.

“அன்னிக்கு ஏன்ணே நேரமாச்சு? ஜீப்பு மாட்டிக்கிருச்சா?” தலையை ஆட்டினார், இல்லை என்று. “ஆத்துல தண்ணியா? யாருக்கும் அடிபட்டுருச்சா? யாரோடயும் தகராறா?” நான் விடாமல் கேட்டுக்கொண்டே போனேன். கேட்பதில்கூட எனக்கு அவசரம், பாருங்கள். அவர் கையை உயர்த்திப் போதும் என்றார். எழுதிக் காட்டச் சொல்லலாம் என்றால் அண்ணனுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். கொஞ்ச நாள் கழித்துத் தொண்டையில் ஒரு மிஷினை வைத்துப் பேசப் பழகலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சந்தனம்மாள் சொன்னாள். மிஷின் என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் வேண்டாம் என்று கையை வேகமாக ஆட்டினார்.

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து செல்போனை எடுத்தார். எதையோ அமுக்கி என் காதில் வைத்தார். இரண்டு மணி அடித்தது. பூட்டிக் கிடக்கிற என் வீட்டில் அடிக்கிறது. அப்புறம் என் குரல். “வணக்கம், ராஜாத்தி பேசுறேன். ம்... சொல்லுங்க. சுருக்கமாச் சொல்லுங்க.” அன்றைக்குப் பெருமையாக இருந்த அதே குரல். எவ்வளவு அதிகாரம் அதில்! சாகக் கிடக்கிறவனிடம்கூடச் சுருக்கமாகச் சொல் என்று கேட்கிற குரல். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

பீப் சத்தம் கேட்டதும் அண்ணன் போனைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார். வாய் அசைந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார். கையை நீட்டினார், தூரத்தில் எதையோ காட்டினார், ஒரு இடத்தில் சிரித்தார், ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சத்தமும் வரவில்லை. நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘மாரி’ என்று என் மகள் பெயரை ஒருதடவை சொன்ன மாதிரி இருந்தது. வேறு ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. சொல்லி முடித்துவிட்டு போனை வைத்தார். என் தலையில் கையை வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மிஷினைப் போட்டேன். ஒரு நிமிடம் ஸ்ஸ் ஸ்ஸ் என்று மூச்சு. பின்னால் நர்ஸ் யாரையோ கூப்பிடுகிற சத்தம். நடுவில் நான் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. அதை நான் அழிக்கவில்லை.

விஜய்ராஜுக்குப் போன் செய்து மாற்றுவது எப்படி என்று கேட்டுக்கொண்டேன். நேரக் கணக்கை எடுத்துவிட்டேன். யாரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். பொத்தானை அமுக்கிப் புதிதாகப் பதிவு செய்தேன். “ராஜாத்தி வீட்ல இல்ல. இது மிஷினு. நான் இருந்திருந்தா எடுத்திருப்பேன்.” பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தயங்கினார். “வியாபார வீட்ல அப்பிடிச் சொல்லலாமா?” என்றார். “சொல்லத்தான் வேணும்” என்றேன்.

அண்ணன் மயிலாடும்பாறைக்குத் திரும்பிவிட்டார். இப்போதும் பழைய நம்பரில் அடிப்பார். முதல் மணியிலேயே நான் எடுத்துவிடுவேன். பிரின்ஸ் இன்னொரு லைனில் காத்துக்கிடந்தால் கிடக்கட்டும். “அண்ணே, நாந்தான். மிஷின் இல்ல” என்று ஆரம்பிப்பேன். மழை, பழ விலை, மாரீஸ்வரியின் பிள்ளை நடக்க ஆரம்பித்தது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பேன். அந்தப் பக்கம் ஸ்ஸ் ஸ்ஸ் என்று மூச்சு மட்டும் கேட்கும். சில நேரம் அதுவும் கேட்காமல் போனால் எனக்குப் பயமாகிவிடும்.

“அண்ணே, கேக்குறியா?” என்பேன். பதிலுக்காகக் காத்திருப்பேன்.